தடித்த வட்டமுனை எழுத்துரு: எதை, எதற்கு எடுப்பது?

ஐஸ்கிரீம் கடை, குழந்தைகள் துணிக்கடை, பல் மருத்துவமனை, தோசை மாவு பாக்கெட், மொழி கற்றுத்தரும் செயலி. இவற்றின் ஆங்கிலப் பெயர்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பல பெயர்களில் கோடுகள் ஒரே தடிமனில் கொழுகொழுவென்று இருக்கும். ‘ஓ’ (O) கிட்டத்தட்ட முழு வட்டம். கோடு முடிகிற இடத்தில் மூலையே இருக்காது. தடித்த, வட்டமுனை கொண்ட, ஜியோமெட்ரிக் சான்ஸ் செரிஃப் (வட்டம் போன்ற வடிவங்களிலிருந்து பிறந்த, முனையில் கொசுறுக் கோடு இல்லாத எழுத்து) என்று இந்த வகைக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. வாடிக்கையாளர் அதையெல்லாம் சொல்ல மாட்டார். “ஃப்ரெண்ட்லியா, ரவுண்டா ஒரு ஃபாண்ட் போடுங்க” என்பார்.

அந்த ஒரு வரிக்குப் பொருந்துகிற எழுத்துருக்கள் ஏகப்பட்டவை: வி.ஏ.ஜி. ரவுண்டட், ஏரியல் ரவுண்டட், காத்தம் ரவுண்டட், நுனிட்டோ, வரேலா ரவுண்ட், குவிக்சாண்ட், கம்ஃபர்ட்டா, ஃப்ரெடோகா, பலூ, காய்னி. கணினித் திரையில் பெரிதாக்கிக் காட்டினால் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். அதனால் அழகை வைத்துத் தேர்ந்தெடுப்பது நடக்காத காரியம். எழுத்து எந்தப் பொருளில் செய்யப்படும், எவ்வளவு சின்னதாகும், பக்கத்தில் தமிழ் இருக்குமா, இந்த மூன்றையும் முதலில் கேட்டுவிட்டால் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும். கடைப் பலகை, பாக்கெட், செயலி என்று எதையாவது தொடங்கப் போகிற சிறு தொழில்காரரையும், அவருக்கு வேலை செய்து தருகிற வடிவமைப்பாளரையும் மனதில் வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

இரண்டு கார், ஒரு பலகை

இந்த வகையில் அதிகம் பேசப்படுவது வி.ஏ.ஜி. ரவுண்டட். 1979-ல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துக்காக வரையப்பட்டது. 1960களில் ஆடி கம்பெனி ஃபோக்ஸ்வாகன் கைக்கு வந்திருந்தது. ஃபோக்ஸ்வாகன் விளம்பரங்கள் ஃப்யூச்சுரா எழுத்தில் வந்துகொண்டிருந்தன, ஆடியுடையவை டைம்ஸில். இரண்டு காரையும் ஒரே டீலர் விற்கும் நிலை வந்தபோது கடைப் பெயரை யாருடைய எழுத்தில் எழுதுவது என்ற கேள்வி வந்தது. இரண்டு பக்கத்தையும் சாராத மூன்றாவது எழுத்து தேவைப்பட்டது. செட்லி பிளேஸ் என்ற வடிவமைப்பு நிறுவனத்தில் ஜெர்ரி பார்னியும் அவருடைய குழுவும் அதை வரைந்தார்கள். பிரிட்டிஷ் ரயில்வேயின் இரட்டை அம்புச் சின்னத்தை வரைந்தவரும் இதே பார்னிதான்.

அது பல நாட்டு டீலர் பலகைகளில் ஏற வேண்டிய எழுத்து என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் வேறு வேறு ஆள் அதைச் செய்வார். கூர்மூலையில் சின்னப் பிசகு வந்தாலும் கண்ணில் குத்தும். அரைவட்ட முனையில் அதே பிசகு அவ்வளவாகத் தெரியாது. வட்டமுனையை வெறும் குழந்தைத்தனமான அலங்காரம் என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

1990களின் தொடக்கத்தில் ஃபோக்ஸ்வாகன் இந்த எழுத்தை விட்டுவிட்டது. அதற்குள் அது பொதுச் சந்தைக்கு வந்திருந்தது. பிறகு ஆப்பிள் மடிக்கணினிகளின் விசைகளில் பல வருடம் இருந்தது. 2015-ல் வந்த மெலிந்த மேக்புக்கில்தான் ஆப்பிளின் சொந்த எழுத்தான சான் ஃபிரான்சிஸ்கோ அதன் இடத்தைப் பிடித்தது. விசைகளில் இருந்தது வி.ஏ.ஜி. குடும்பத்தின் மெல்லிய எடை (கோட்டின் தடிமன் அளவை எடை என்பார்கள்), தடித்தது இல்லை. சின்ன அளவில் வட்டமுனை நன்றாக வேலை செய்யும், தடிமன்தான் காலை வாரும். இந்தக் கட்டுரையில் இது திரும்பத் திரும்ப வரும்.

உருண்டை வடிவம் மென்மையாகத் தோன்றுவது நம் கற்பனை மட்டும் இல்லை. ஒரு கூர்வடிவத்தையும் ஒரு உருண்டை வடிவத்தையும் காட்டி, எது ‘பூபா’, எது ‘கீக்கீ’ என்று மூளை ஆய்வாளர்கள் ராமச்சந்திரனும் ஹப்பார்டும் 2001-ல் எழுதிய ஆய்வில் கேட்டிருந்தார்கள். பெரும்பாலோர் உருண்டையைத்தான் பூபா என்றார்கள். அமெரிக்க மாணவர்களோடு தமிழ் பேசுகிறவர்களிடமும் கேட்டதாகச் சொல்வார்கள். சரி, அதை வைத்து எல்லாவற்றுக்கும் வட்டமுனை போட்டுவிடக் கூடாது. வழக்கறிஞர் அலுவலகமோ, பெரிய தொகையை நம்பிக் கொடுக்க வேண்டிய நிதி நிறுவனமோ இந்த எழுத்தைப் போட்டால் பார்க்கிறவருக்கு நெருடும். அங்கே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நல்லதையும் மட்டமானதையும் பிரிப்பது

ஒரு எழுத்துருவை எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. முதலாவது உயரம். நேர்கோடு அரைவட்டமாக முடிந்தால், அதே உயரத்தில் தட்டையாக முடியும் கோட்டைவிடக் குட்டையாகத் தெரியும். நல்ல வடிவமைப்பாளர் இதை ஈடுகட்ட முனையைக் கொஞ்சம் வெளியே நீட்டியிருப்பார். கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வரைகலை மென்பொருளில் சாதாரண ஏரியலை எடுத்து மூலைகளை உருட்டி, ‘ரவுண்டட் ஃபாண்ட் ரெடி’ என்று தருகிற வழக்கம் உண்டு. அதில் இந்த ஈடு இருக்காது. எழுத்துகள் வரியில் நிற்காமல் தொங்குகிற மாதிரி இருக்கும். வாடிக்கையாளருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ‘ஏதோ சரியில்லை’ என்பார்.

இரண்டாவது, தடிமன் எங்கே போகிறது என்பது. ஜியோமெட்ரிக் எழுத்தின் அடிப்படை வட்டம். கோட்டை உள்பக்கமாகத் தடிக்க வைத்தால் நடுவில் இருக்கும் வெற்றிடம் அடைபடும், வெளிப்பக்கமாகத் தடிக்க வைத்தால் எழுத்து அகலமாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் சமரசம் செய்யாத தடித்த எழுத்து கிடையாது. ஆகவே ரொம்பத் தடித்த எழுத்தில் ‘ஓ’ சுத்தமான வட்டமாக இருக்காது, இருக்கவும் கூடாது. சின்ன ‘இ’ (e), ‘எஸ்’ (s), எண் 8 இவற்றைச் சுருக்கிப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் சரி. சின்ன ‘என்’, ‘எம்’ எழுத்துகளில் வளைவு நேர்கோட்டோடு சேருகிற இடம் கொஞ்சம் மெலிந்திருக்க வேண்டும். அப்படி மெலியாவிட்டால் அந்த மூட்டில் கறுப்புத் திட்டு விழும்.

மூன்றாவது, ஆள் மாறாட்டம். கேபிடல் ‘ஐ’ (I), சின்ன ‘எல்’ (l), எண் 1 மூன்றும் வட்டமுனைக் குச்சியாகவே நிற்கிற எழுத்துருக்கள் நிறைய. கடைப் பெயருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. கூப்பன் எண், வண்டி எண், மருந்துப் பெயர் வருகிற இடத்தில் பிரச்சினைதான். சின்ன ‘ஏ’ (a) எழுத்தும் அப்படியே. குவிக்சாண்ட், கம்ஃபர்ட்டா இரண்டிலும் அது ஒற்றைமாடி ‘ஏ’, அதாவது வட்டமும் பக்கத்தில் ஒரு கோடும். குழந்தை கையால் எழுதுவதும் அப்படித்தான் என்பதால் பாடப்பொருளுக்கு நல்லது. தடித்து, தூரத்தில் வைத்தால் ‘ஓ’ மாதிரி தெரியும்.

ஆங்கிலம் மட்டும் என்றால்

பெயர் ஆங்கிலத்தில் மட்டும் நிற்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஏரியல் ரவுண்டட் எம்டி போல்டு மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸோடும் மேக் கணினியோடும் கூடவே வருகிறது. அதனால்தான் டியூஷன் சென்டர் நோட்டீஸ் முதல் பிறந்தநாள் பேனர் வரை அதைக் காண்கிறோம். ஆனால் இதன் உடம்பு ஏரியல், அதாவது ஹெல்வெட்டிகாவை ஒத்த எழுத்து. வட்டத்திலிருந்து பிறந்தது இல்லை, முனை மட்டும் உருண்டது. கணினியில் கிடைப்பது ஒரே ஒரு எடை. ஆண்ட்ராய்டு போனில் இது இருக்காது என்பதால் இணையத்தில் நம்பிப் போட்டால் வேறு எழுத்தாக மாறித் தெரியும். அவசர நோட்டீஸுக்குப் போதும், கம்பெனி முகத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

வரேலா ரவுண்ட் அழகான எழுத்துரு, இலவசம். ஆனால் அதில் தடித்த எடையே கிடையாது, ஒரே ஒரு சாதாரண எடைதான். மென்பொருளில் ‘போல்டு’ பொத்தானை அழுத்தினால் தடிக்கிறதே என்பீர்கள். அது எழுத்தைச் சுற்றி ஒரு கோட்டைப் போட்டு ஊதுகிற போலித் தடிமன். மேலே சொன்ன சமரசம் எதுவும் அதில் நடந்திருக்காது. தடித்த எழுத்து வேண்டும் என்பவர் இதை இங்கேயே விட்டுவிடலாம்.

குவிக்சாண்ட் 2008-ல் ஆண்ட்ரூ பாக்லினவன் வரைந்தது, பின்னால் தாமஸ் ஜாக்கின் திருத்தி அமைத்தார். கம்ஃபர்ட்டா யோஹான் ஆகர்லுண்ட் வரைந்தது. இரண்டும் 300 முதல் 700 வரை எடை கொண்டவை (எண் கூடக் கூடத் தடிமன் கூடும்; 400 சாதாரணம், 700 போல்டு). வட்டத்தை உண்மையாகப் பிடித்துக்கொண்டிருப்பவை இவைதான். அதனாலேயே இவற்றின் 700 மற்றவற்றின் 700 அளவுக்குக் கனமாகத் தெரியாது. அழகு சாதனப் பொருள், நகத்துக்குச் சாயம் போடும் பார்லர் மாதிரி மெலிவு அழகாக இருக்கிற இடத்துக்கு நல்லது. பஸ்ஸிலிருந்து படிக்க வேண்டிய பலகைக்கு இவற்றை எடுக்க மாட்டேன்.

நுனிட்டோ வேறு ரகம். வெர்னன் ஆடம்ஸ் தொடங்கியது, பிறகு ஜாக் லெ பாயி விரித்துக் கட்டினார். 200-லிருந்து 1000 வரை எடை நீள்கிறது, சாய்வெழுத்தும் உண்டு. சின்ன ‘ஏ’ இரண்டுமாடி என்பதால் ‘ஓ’வோடு குழம்பாது. நுனிட்டோ சான்ஸ் என்று மூலை உருளாத உடன்பிறப்பும் இருக்கிறது. தலைப்புக்கு நுனிட்டோ 800, நீண்ட பத்திக்கு நுனிட்டோ சான்ஸ் 400 என்று ஒரே குடும்பத்தில் வேலையை முடித்துவிடலாம். செயலி, இணையதளம் என்றால், ஆங்கிலம் மட்டும் என்றால், வேறு எதையும் தேடாதீர்கள். கொஞ்சம் சலித்துப்போன தேர்வு என்று சிலர் சொல்வார்கள். சலித்துப்போனது வடிவமைப்பாளருக்குத்தான், கட்டணம் செலுத்தும் பொத்தானை அழுத்துகிறவருக்கு இல்லை.

ஃப்ரெடோகா தடிமனில் மனசாரக் கொழுத்தது. மிலேனா பிரண்டாவோ வரைந்த ஃப்ரெடோகா ஒன் ஒரே தடித்த எடையில் வந்தது. இப்போது ஃப்ரெடோகா என்ற பெயரில் 300 முதல் 700 வரையும், அகலத்தைக் கூட்டிக் குறைக்கவும் வசதி வந்திருக்கிறது. பாக்கெட்டின் முன்பக்கத்தில் பெயர் நீளமாக இருந்து இடம் போதாதபோது இந்த அகல வசதி பெரிய உதவி. எழுத்தைக் கையால் நசுக்கி ஒடுக்கினால் நேர்கோடு மெலிந்து படுக்கைக்கோடு தடித்தே நிற்கும். இதில் அந்தக் கோணல் வராது. பொம்மை, பிஸ்கட், குழந்தைகள் விழா என்றால் ஃப்ரெடோகா. அதே எழுத்தில் வங்கிக் கணக்கு விவரத்தைப் போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்.

காத்தம் ரவுண்டட், வி.ஏ.ஜி. ரவுண்டட், அதன் புதிய வடிவமான வி.ஏ.ஜி. ரவுண்டட் நெக்ஸ்ட் மூன்றும் விலைக்கு வாங்க வேண்டியவை. இவற்றின் எண்கள், இடைவெளிகள், எடைகளுக்கு நடுவிலான படிகள் எல்லாம் கவனமாகச் செய்யப்பட்டவை. நூற்றுக்கணக்கான கிளைகள், பல நாட்டு அச்சகங்கள் என்று போகிற நிறுவனத்துக்கு அந்தப் பணம் நியாயம். ஒரு கடை, ஒரு பலகை என்றால் அந்தப் பணத்தில் பலகையை நல்ல பொருளில் செய்யச் சொல்வேன். இன்னொரு வழி சொந்தமாக வரைய வைப்பது. டூயோலிங்கோவின் ‘ஃபெதர் போல்டு’ அப்படி வந்ததுதான். ஜான்சன் பேங்க்ஸ் நிறுவனமும் ஃபாண்ட்ஸ்மித்தும் சேர்ந்து செய்தார்கள். பறவைச் சின்னத்தின் இறகு வடிவம் எழுத்துக்குள் வந்திருக்கும். அந்த அளவுக்குப் பணமும் தேவையும் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

தமிழ் பக்கத்தில் வந்தால்

இங்கேதான் பட்டியல் திடீரென்று காலியாகிறது. நுனிட்டோ, ஃப்ரெடோகா, குவிக்சாண்ட், கம்ஃபர்ட்டா, காத்தம் எதிலும் தமிழ் இல்லை. செயலியில் நுனிட்டோ போட்டுவிட்டுத் தமிழ் வரியைச் சேர்த்தால் என்ன ஆகும்? ஆண்ட்ராய்டு போன் நோட்டோ சான்ஸ் தமிழைக் கொண்டுவரும், விண்டோஸ் நிர்மலா யூஐயை, ஆப்பிள் தமிழ் சங்கம் எம்என்னை. ஆங்கிலம் உருண்டையாகவும் தமிழ் தட்டையாகவும், அதுவும் ஆளாளுக்கு வேறு மாதிரியாகவும் தெரியும். வடிவமைப்பாளரின் கணினியில் மட்டும் அழகாக இருக்கிற செயலிகள் பலவற்றின் கதை இதுதான்.

தமிழே உருண்டை எழுத்துதானே, தனியாக வட்டமுனை எதற்கு என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் வட்டமுனை என்பது கோடு முடிகிற இடத்தின் சங்கதி. தமிழில் கோடு முடிகிற இடங்களைவிடக் கோடு திரும்புகிற இடங்கள் அதிகம். ‘ப’, ‘ட’ போன்றவற்றின் அடிமூலையை எவ்வளவு உருட்டுவது என்பதில்தான் வடிவமைப்பாளரின் கை தெரியும். அதிகம் உருட்டினால் ‘ப’ கிண்ணம் மாதிரி ஆகிவிடும். உருட்டாமல் விட்டால் பக்கத்தில் நிற்கும் ஆங்கிலத்தோடு ஒட்டாது.

அதைவிடப் பெரிய தலைவலி சுழி. மூன்றுசுழி ‘ண’வைத் தடித்த எழுத்தில் சின்னதாக்கினால் சுழிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி இரண்டுசுழி ‘ன’ போலத் தெரியும். ‘ஞ’, ‘இ’, ‘ஐ’, ‘ஜ’ எல்லாவற்றிலும் உள்ளே இருக்கும் வெள்ளை முதலில் அடைபடும். ‘கீ’யின் மேல்சுழி அடைபட்டால் ஒரு கறுப்பு உருண்டைதான் மிஞ்சும். புள்ளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெரிதாக வைத்தால் எழுத்தின் தலையில் முட்டும், சிறிதாக வைத்தால் தூரத்தில் காணாமல் போகும். ஆகவே தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே அளவு தடிமனில் வரைவது தப்பு. தமிழின் கோட்டைக் கொஞ்சம் மெலிதாக்கினால்தான் இரண்டும் ஒரே கனமாகக் கண்ணுக்குத் தெரியும்.

இந்தக் கணக்கைப் போட்டு வரையப்பட்டது பலூ தம்பி. மும்பையின் ஏக் டைப் நிறுவனம் பல இந்திய எழுத்துகளுக்குச் சேர்த்துச் செய்த பலூ குடும்பத்தின் தமிழ்ப் பிள்ளை. தமிழ் எழுத்துகளை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். இப்போது கிடைக்கும் பலூ தம்பி 2-ல் 400 முதல் 800 வரை எடைகள் உள்ளன. கறாராகப் பார்த்தால் இது ஜியோமெட்ரிக் இல்லை. கோட்டின் தடிமன் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், முனைகள் முழு அரைவட்டமாக இல்லாமல் மழுங்கி முடியும். ‘எங்களுக்கு வி.ஏ.ஜி. மாதிரியே வேண்டும்’ என்பவருக்கு இது பிடிக்காமல் போகலாம். ஆனால் ஆங்கிலமும் தமிழும் ஒரே கையில் வரைந்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற தடித்த எழுத்துரு இலவசத்தில் வேண்டும் என்றால், என் முதல் தேர்வு இதுதான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மாவு பாக்கெட் கோயம்புத்தூரோடு நிற்காது, பாலக்காட்டுக்கும் பெங்களூருக்கும் போகும். மலையாளத்துக்குப் பலூ சேட்டன், கன்னடத்துக்குப் பலூ தம்மா, தெலுங்குக்குப் பலூ தம்முடு என்று அதே கனத்தில், அதே குணத்தில் உடன்பிறப்புகள் காத்திருக்கிறார்கள். இங்கே சொன்ன மற்ற வட்டமுனை எழுத்துருக்களில் எதை எடுத்தாலும் மாநில எல்லையைத் தாண்டும்போது திரும்பவும் முதலிலிருந்து தேட வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. பலூவின் வரி உயரம் ரொம்பத் தாராளம். மேலே கீழே கொம்புகளும் கால்களும் முட்டாமல் இருப்பதற்காக அப்படி. செயலியில் பொத்தானுக்குள் போட்டால் எழுத்து நடுவில் நிற்காமல் ஏறியோ இறங்கியோ தெரியும், வரி உயரத்தைக் கையால் சரிசெய்ய வேண்டும். நிரல் எழுதுகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசி வாரத்தில் சண்டை வரும்.

காய்னி என்று இன்னொன்று இருக்கிறது. மார்செலோ மகல்யாயிஸ் என்ற பிரேசில் வடிவமைப்பாளர் செய்தது, ஆங்கிலமும் தமிழும் உண்டு. பலூவைவிட உருண்டை, பலூவைவிட விளையாட்டு. ஒரே எடைதான். குழந்தைகள் புத்தக அட்டை, மிட்டாய் உறை, யூடியூப் படத்தின் தலைப்பு என்றால் நன்றாக இருக்கும். ஒரு பெயருக்கு மேல் எழுதினால் திகட்டும்.

எதை எடுத்தாலும் ‘வணக்கம்’ என்று எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். ‘இஞ்சி எண்ணெய்’, ‘ஞாயிறு’, ‘கீரை வடை’, ‘கண்ணாடி ஜன்னல்’ என்று எழுதி, பாக்கெட்டில் வரப்போகிற மிகச் சின்ன அளவில் அச்செடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் படியுங்கள். ‘ண்ணெ’ தெளிவாக இருந்தால் மற்றதெல்லாம் தெளிவாக இருக்கும்.

டிடிபி கடையில் வேலை நடக்கிறது என்றால் ஒரு எச்சரிக்கை. பலூவும் காய்னியும் யூனிகோடு எழுத்துருக்கள், அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில் இயங்குபவை. பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்து வைத்த கோப்பில் எழுத்துருவை மட்டும் மாற்றினால் குப்பையாகத்தான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பழைய கோரல்டிரா பதிப்புகளில் யூனிகோடு தமிழை ஒட்டினால் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கும். அந்த நிலையில் இங்க்ஸ்கேப் போன்ற வேறு மென்பொருளில் எழுதி, கோட்டு வடிவமாக மாற்றிக் கொண்டுவருவதுதான் வழி. இந்தச் சிரமத்துக்குப் பயந்துதான் பல கடைகள் ‘அந்த ஃபாண்ட் வேண்டாம் சார்’ என்கின்றன. எழுத்துருவின் குறை அது இல்லை.

பலகை செய்கிறவர் என்ன சொல்வார்

ஃபிளெக்ஸ் பேனருக்கு எந்த முனையும் ஒன்றுதான், மை தெளிப்பதில் கூர்மைக்கும் உருட்டலுக்கும் வித்தியாசம் இல்லை. அங்கே வட்டமுனையால் தனி லாபம் கிடையாது.

வெட்டி ஒட்டுகிற வினைல் வேறு. கண்ணாடிக் கதவிலும் வண்டியிலும் ஒட்டிய எழுத்து முதலில் உரிவது கூர்மூலையில்தான். துடைக்கிற துணி அங்கே மாட்டும், தூசி அங்கே புகும். உருண்ட முனை அதிக நாள் தாங்கும். அக்ரிலிக்கையும் ஏசிபி ஷீட்டையும் (அலுமினியம் ஒட்டிய பலகை) சிஎன்சி ரூட்டரில் (கணினி ஓட்டும் வெட்டு இயந்திரம்) வெட்டும்போது வெட்டுகிற பிட்டே உருளைதான். 3 மில்லிமீட்டர் பிட் எந்த உள்மூலையையும் 1.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டித்தான் விடும். அதனால் கூர்மூலை எழுத்து வெளியே கூராகவும் உள்ளே மழுங்கியும் வந்து நிற்கும். வட்டமுனை எழுத்திலும் கோடுகள் கூடுகிற உள்மூலைகள் உண்டு, ஆனால் எல்லா இடமும் உருண்டிருப்பதால் அது பிசகாகத் தெரியாது. உள்ளே எல்இடி வைக்கும் எழுத்துகளிலும் இதே கதை. கூர்மூலை வரை விளக்கு மாட்யூல் போகாது, அங்கே இருட்டடிக்கும். தடித்த வட்டமுனை எழுத்தில் வெளிச்சம் சீராகப் பரவும். கடைப் பலகைக்கு இந்த வகையை நான் ஆதரிப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

ஆனால் இரவில் ஒளிரும் எழுத்து தடித்துத் தெரியும். பகலில் அளவாக இருக்கும் 800 எடையில் இரவில் சுழிகள் அடைபடும். எல்இடி பலகை என்றால் ஒரு படி கீழே, 700 அல்லது 600 எடையில் செய்யச் சொல்லுங்கள். சட்டைப் பையில் போடும் எம்பிராய்டரிக்கும் அதே யோசனை. நூல் சுழிக்குள் புகுந்துவிடும். அங்கே தமிழ்ப் பெயரை முழுதாகப் போடாமல் முதல் எழுத்தை மட்டும் பெரிதாகப் போடுவது நல்லது.

திரையில் தடித்த எழுத்துக்கு ஒரு சலுகை உண்டு. இணைய அணுகல் விதிகளின்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 ஒளி வேறுபாடு (காண்ட்ராஸ்ட்) வேண்டும். தடித்த எழுத்து 14 புள்ளி அளவோ அதற்கு மேலோ இருந்தால் 3:1 போதும். ஆரஞ்சுப் பொத்தானில் வெள்ளை எழுத்து போட ஆசைப்படுகிறவர்களுக்கு இது கொஞ்சம் இடம் கொடுக்கும். வெளிர் மஞ்சளில் வெள்ளை போட ஆசைப்படுகிறவர்களுக்கு இதுவும் உதவாது.

உரிமம்

சுருக்கமாகவே சொல்லலாம். நுனிட்டோ, ஃப்ரெடோகா, குவிக்சாண்ட், கம்ஃபர்ட்டா, பலூ தம்பி 2, காய்னி எல்லாம் ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸில் வருபவை. வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாம், செயலிக்குள் வைக்கலாம், ஒரு எழுத்தை வெட்டி மாற்றி லோகோ செய்யலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. விலைக்கு வாங்குபவற்றில் கணினிக்கு, இணையதளத்துக்கு, செயலிக்கு என்று பெரும்பாலும் தனித்தனி உரிமம் இருக்கும். கணினிக்கு வாங்கியதைச் செயலிக்குள் வைத்தால் அது மீறல். ஆப்பிளின் எஸ்எஃப் ரவுண்டட் இலவசமாகப் பதிவிறக்கக் கிடைக்கிறதே என்று பாக்கெட்டில் போடுகிறவர்கள் உண்டு. அந்த எழுத்தின் உரிமம் ஆப்பிள் தளங்களுக்கான செயலி வடிவமைப்புக்கு மட்டும்தான்.

கீழே வரும் சின்ன எழுத்து

தடித்த வட்டமுனையைத் தேர்ந்தெடுத்தவர்கள் அடுத்துச் செய்கிற தவறு, சமையல் குறிப்பையும் முகவரியையும் அதே எழுத்தில் போடுவது. நான்கு வரிக்கு மேல் போனால் கண் சோர்ந்துவிடும், எழுத்துகளின் அகலம் இடத்தையும் தின்னும். பலூ தம்பியின் கீழே முக்தா மலரை வையுங்கள். அதுவும் ஏக் டைப் செய்ததுதான், 200 முதல் 800 வரை எடைகள் உண்டு, சின்ன அளவில் சுழிகள் திறந்தே இருக்கும். கொஞ்சம் நவீனமாக வேண்டும் என்றால் பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கட்டமரான் இருக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொருள்களின் பட்டியலும் விலையும் காலாவதி தேதியும் நெருக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடத்துக்கு ஹிந்த் மதுரை என்ற எழுத்துரு நன்றாக அடங்கும். இந்த மூன்றிலும் எண்கள் தெளிவாகவே இருக்கும். இருந்தாலும் தேதி அடிக்கிற இயந்திரம் தன் சொந்தப் புள்ளி எழுத்தில்தான் அடிக்கும் என்பதால், அதற்கு வெள்ளையாக ஒரு கட்டம் விட்டுவைக்கும்படி அச்சகத்தில் சொல்லிவிடுங்கள்.